பின்னால் இருந்த கைகள்

நாலு மணி ஆனால் அந்த வீட்டில் ஒரு அட்டை கீழே விழும்.

பிளாஸ்டிக் உறை போட்ட சின்ன அட்டை. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். தரையில் பட்டால் 'டப்' என்று ஒரு சத்தம். பக்கத்து அறையில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. ஆனால் அதைக் கேட்க அந்த வீட்டில் இருக்கும் லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பயம். பத்து மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் இறங்கி, தலைக்கு மேல் தொங்கும் லிஃப்ட் பெட்டியை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கிரீஸ் பூசுகிற மனிதர் அவர்.

சமையலறையை ஒட்டி ஒரு மேசை. மேசையின் ஒரு பக்கம் அவருடைய மகள், ஏழு வயது. அவள் முதுகை ஒட்டினாற்போல முக்காலியில் அவர். எதிரே ஒரு நாற்காலி. அது காலி. மகள் தன் படப் புத்தகத்தைத் திறப்பாள். தண்ணீர் டம்ளர் படம் போட்ட அட்டையை அதன் ஒட்டுப்பட்டையிலிருந்து 'சர்க்'கென்று பிய்த்து எடுப்பாள். எதிர் நாற்காலியில் யாரோ உட்கார்ந்து கை நீட்டிக்கொண்டிருப்பது போல, அந்த உள்ளங்கை இருக்கவேண்டிய உயரத்துக்குச் சரியாகக் கொண்டுபோய் அட்டையை விடுவாள். அது விழும். அவள் குனிந்து பார்க்க மாட்டாள். அழவும் மாட்டாள். அழுதால் தூக்கிச் சமாதானப்படுத்தலாம். காத்திருக்கிறவளை என்ன செய்வது?

அம்மா செத்து நாலு மாதம் ஆகியிருந்தது.

மகளுக்குப் பேச்சு வரவில்லை. இரண்டரை வயதில் ஆட்டிசம் என்றார்கள். வீட்டில் அவளைச் சில்லு என்று கூப்பிடுவார்கள். பாட்டில் மூடி, வளையல், வட்டமாக எது கிடைத்தாலும் தரையில் சுற்றவிட்டு, காதைத் தரையோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். அதனால் அம்மா வைத்த பெயர்.

நாலரை வயதில் பயிற்சி மையத்து டீச்சர் படங்களை அறிமுகப்படுத்தினார். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குழந்தைக்குப் பிடித்த பண்டத்தோடு எதிரே உட்கார வேண்டும். இன்னொருவர் குழந்தைக்குப் பின்னால். குழந்தை பிஸ்கட்டைப் பார்த்துக் கை நீட்டியதும், பின்னால் இருப்பவர் அந்தக் கையைப் பிடித்து, பிஸ்கட் படத்தை எடுக்க வைத்து, எதிரே இருப்பவரின் உள்ளங்கையில் போட வைக்க வேண்டும். அட்டை கைக்கு வந்த அடுத்த நொடி எதிரே இருப்பவர், "பிஸ்கட்! பிஸ்கட் வேணுமா? இந்தா" என்று கொடுத்துவிட வேண்டும். ஒரு படத்தை ஒரு ஆளிடம் கொடுத்தால் காரியம் நடக்கும் என்று குழந்தைக்குப் பிடிபடும்வரை இதையேதான் திரும்பத் திரும்பச் செய்வார்கள்.

"பின்னாடி உக்கார்றவங்க ஆளே கிடையாதுன்னு நினைச்சுக்கணும்" என்றார் டீச்சர். "பேசக் கூடாது, பாராட்டக் கூடாது, இருமக்கூட கூடாது. வெறும் கை. அவ்வளவுதான்."

"அப்போ எங்க வீட்டுக்காரர்தான் டீச்சர்" என்றாள் மனைவி. "அந்த வேலைக்குன்னே பொறந்தவர். காலையில 'டீ'ன்னு ஒரு வார்த்தை சொன்னா அன்னிக்கு கோட்டா முடிஞ்சுது."

அவர் சிரித்தார். அதற்கும் சத்தம் வரவில்லை. வேலையிடத்தில் அவருக்குப் பெயரே மியூட்டுதான்.

மூன்று வாரத்தில் பின்னால் இருப்பவர் கொஞ்சம் கொஞ்சமாக விலகிவிட வேண்டும் என்பது முறை. முதலில் கையை விட வேண்டும், பிறகு தள்ளி உட்கார வேண்டும், பிறகு எழுந்தே போய்விட வேண்டும். சில்லு கெட்டிக்காரி. பதினேழாம் நாளே கை தேவைப்படவில்லை. ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. மகள் யாரையும் கட்டிக்கொள்ளமாட்டாள், மடியில் உட்காரமாட்டாள், தொட்டால் உதறுவாள். அந்த அரை மணி நேரம் மட்டும் அவர் நெஞ்சில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு நாற்காலியில் சாய்வது போலத்தான் சாய்ந்தாள். இருந்தாலென்ன, அவருக்கு அது போதுமாக இருந்தது.

"போதும், எந்திரிங்க. டீச்சர் கேட்டா என்னைத்தான் திட்டுவாங்க" என்பாள் மனைவி.

"நாளைக்கு" என்று சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைப்பார்.

அப்படியே இரண்டரை வருடம் போனது. புத்தகத்தில் எண்பது படங்கள் சேர்ந்தன. கைச்சைகைகளும் வந்தன. விரல் நுனிகளைக் குவித்துத் தட்டினால் 'இன்னும்'. இரண்டு உள்ளங்கைகளையும் வெளிப்பக்கமாகத் திருப்பினால் 'முடிஞ்சது'. எல்லாவற்றையும் அவள் அம்மாவிடம்தான் சொன்னாள். அம்மா குளித்துக்கொண்டிருந்தால், அப்பா கண்ணெதிரே நின்றாலும், குளியலறைக் கதவின் அடியில் அட்டையைத் தள்ளுவாள்.

"அடியே, அப்பா அங்கதானே இருக்கார். அவர்கிட்ட குடேன்டி!" என்று உள்ளேயிருந்து தண்ணீர்ச் சத்தத்தோடு சிரிப்பு கேட்கும். நனைந்த அட்டையைக் கதவிடுக்கு வழியாக நீட்டி, "உங்களுக்கு ஒரு பார்சல் வந்திருக்கு சார்" என்பாள். அவரும் வாங்கிக்கொள்வார். அப்போது அது வேடிக்கையாக இருந்தது. மகளுக்குத் தான் ஒரு ஆளாகவே பதியவில்லை, இரண்டு கையாகத்தான் பதிந்திருக்கிறோம் என்பது அப்போதே உறைத்திருக்க வேண்டாமா?

ஒரு நாள் மனைவி தான் பில் போடும் மருந்துக்கடையில் கல்லாவில் சாய்ந்தவள் எழவில்லை. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். இரண்டு நாள் மருத்துவமனையில் கிடந்து போய்ச் சேர்ந்தாள்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பிய அன்று சில்லு எதிர் நாற்காலிக்கு முன்னால் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவளிடம் எதையாவது சொல்லியாக வேண்டும். அவர் அவள் முன்னால் மண்டியிட்டார். நாற்காலியைக் காட்டினார். இரண்டு உள்ளங்கைகளையும் மெதுவாக வெளியே திருப்பினார். அம்மா முடிஞ்சது.

சில்லு பார்த்தாள். புத்தகத்தை மூடினாள். எழுந்து போய் மூடியைச் சுற்றவிட்டாள். புரிந்துகொண்டுவிட்டாளே என்று அவர் கதவுக்குப் பின்னால் போய் நின்று அழுதார்.

மறுநாள் நாலு மணிக்கு முதல் அட்டை விழுந்தது.

மூன்றாவது மாதம் மகளுக்குக் காய்ச்சல் அடித்தது. சிறுநீரில் கிருமி என்றார் டாக்டர். "பிள்ளை தண்ணியே குடிக்கிறதில்லையா?" என்று கேட்டார். அப்பா வைக்கிற டம்ளரை அவள் தொடுவதில்லை; சோற்றோடு போகிற ரசமும் மோரும்தான். தண்ணீர் என்பது கேட்டு வாங்குவது. கேட்க வேண்டிய இடத்தில் அவள் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். காய்ச்சலில் கிடந்த நாலு நாளும் அவர் ஸ்பூனில்தான் புகட்டினார்.

அந்தச் செய்தி கேட்டு மனைவியின் தங்கை வந்தாள். வேறு ஊரில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. ஒரு மாத விடுமுறையை மொத்தமாக எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"மாமா, நான் சுத்தி வளைச்சு பேசல. இவளை என்கூட அனுப்புங்க" என்றாள் முதல் நாளே. "எங்க ஊர்ல முழுநேர மையம் இருக்கு. நீங்க நாலு மணிக்கு வந்து உக்கார்றதோட சரி, மத்த நேரமெல்லாம் லிஃப்ட்டுக்குள்ள தொங்கிட்டிருக்கீங்க. இவ உங்ககிட்ட ஒரு வாய் தண்ணி கேக்க மாட்டேங்கிறா. நாளைக்கு வயித்து வலின்னா யார்கிட்ட சொல்லுவா? அந்த நாற்காலிகிட்டயா?"

அவர் கீழே கிடந்த அட்டையைக் குனிந்து எடுத்தார்.

"ஒரு மாசம் இருக்கேன். அதுக்குள்ள ஒரே ஒரு அட்டை உங்க கையில குடுத்தாள்னா நான் பேசாம போயிடறேன். இல்லேன்னா கூட்டிட்டுப் போறேன். சரியா?"

"சரி" என்றார். அன்றைக்கு அவர் பேசிய ஒரே வார்த்தை.

எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். சில்லு வந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, தள்ளி, தன் பின்னால் இருந்த முக்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்தாள். பிறகு காலி நாற்காலிக்கு அட்டையை நீட்டினாள். நாற்காலியை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். நாற்காலி இருந்த இடத்துக் காற்றுக்கு அட்டையை நீட்டினாள். அன்று மாலையே திரும்ப எடுத்து வந்து போட்டார்கள். வெறும் காற்றைவிடக் காலி நாற்காலி தேவலை போல் இருந்தது.

தங்கைக்கு அக்காவின் முகஜாடை. ஒரு நாள் அக்காவின் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு, தலையை அக்கா போலவே தூக்கி முடிந்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். சமையலறையிலிருந்து வந்த அவர் ஒரு நிமிடம் கதவைப் பிடித்துக்கொண்டார். சில்லு அட்டையைப் பிய்த்தாள். நீட்டினாள். சித்தியின் உள்ளங்கைக்கு இன்னும் ஒரு விரல் தூரம்தான் இருந்தது. அப்படியே நிறுத்தினாள். சேலை முந்தானையை இழுத்து மூக்கில் வைத்துப் பார்த்தாள். பெட்டியில் நாலு மாதம் கிடந்த சேலை. அட்டையைத் திரும்ப எடுத்துப் புத்தகத்தில் ஒட்டிவிட்டு, அன்று முழுக்க யாரையும் பார்க்கவில்லை. தங்கை குளியலறைக்குப் போய் அந்தச் சேலையை அவிழ்த்தெறிந்தாள். பிறகு அதைத் தொடவே இல்லை.

"அண்ணே, பிள்ளைங்க கண்ணுக்குச் சில விஷயம் தெரியும்பாங்க" என்றான் வேலைக் கூட்டாளி. லிஃப்ட்டின் மேல்தளத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். "அங்க நிஜமாவே யாராச்சும்..."

"வாயை மூடு."

"யப்பா, மியூட்டு பேசிட்டார்! கொஞ்சம் இருங்க, போன்ல பதிவு பண்ணிக்கிறேன்" என்றான். அவர் முகத்தைப் பார்த்ததும் டீயைக் கீழே வைத்தான். "தப்பா சொல்லிட்டேன்ணே. மன்னிச்சிடுங்க."

அவன் சொன்னதில் அவர் பயந்தது வேறு எதற்கோ. யாரும் அங்கே இல்லை என்று சத்தியம் செய்ய அவராலும் முடியவில்லை. அவள் அவ்வளவு நிச்சயமாகக் கை நீட்டினாள்.

விடுமுறை தீர நாலு நாள் இருக்கும்போது பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சில்லு ஊஞ்சலில் ஏறினாள். இருபது ஆட்டம் ஆனதும் வழக்கம்போல அவர் முன்னால் போய் நின்று இரண்டு கைகளையும் வெளியே திருப்பினார். ஊஞ்சல் முடிஞ்சது. அவள் உடனே இறங்கிவிட்டாள். வரிசையில் அடுத்து நின்ற குழந்தையின் தாய், "எங்க வீட்டு வாலு இறங்கவே இறங்காது. இவ சமத்து" என்றாள்.

அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

சமத்தெல்லாம் இல்லை. ஊஞ்சல் முடிந்தால் நாளைக்கு உண்டு. பிஸ்கட் முடிந்தால் நாளைக்கு உண்டு. குளியல் முடிந்தது, வகுப்பு முடிந்தது, மாத்திரைகூட முடிந்தது, எல்லாமே நாளைக்கு வந்துவிட்டன. அழாமல் இறங்கிப் போவதற்காகத்தான் அவளுக்கு அந்தச் சைகையைக் கற்றுக்கொடுத்ததே. முடிஞ்சது என்றால் நாளை வரும் என்று அர்த்தம். அதைத்தான் அவர் மண்டியிட்டு, நாற்காலியைக் காட்டி, அவளுக்குச் சொல்லியிருக்கிறார். அம்மா நாளைக்கு வருவாள் என்று. அப்பா சொன்ன சொல்லை நம்பித்தான் ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு அவள் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

அங்கேயே நின்று டீச்சருக்குப் போன் போட்டார். தட்டுத் தடுமாறிச் சொன்னார். 

"இனி எப்பவுமே வராதுங்கிறதுக்கு என்ன சைகை டீச்சர்?"

"இல்லைன்னு ஒரு சைகை இருக்கு சார். ஆனா டப்பால பிஸ்கட் இல்லைன்னாலும் அதுதான். அடுத்த நாள் வாங்கி நிரப்பிடறோம்." என்றார் டீச்சர். "எப்பவுமேங்கிறதுக்கு எங்ககிட்டயும் படம் இல்ல சார். நீங்க சொல்லிட்டே இருங்க. அவளுக்கு எது எட்டுதோ எட்டட்டும்."

கடைசி நாள் நாலு மணி. தங்கை சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சில்லு தண்ணீர் அட்டையைப் பிய்த்தாள். கையை நீட்டவில்லை. திரும்பிப் பார்க்காமலே பின்னால் துழாவினாள். அவர் மணிக்கட்டு அகப்பட்டது. அதைத் தன் அக்குள் வழியாக முன்னால் இழுத்தாள். அட்டையை அவர் உள்ளங்கையில் வைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

 வாசலில் தங்கை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சில்லு அந்த மணிக்கட்டை விடவில்லை. அட்டையோடு சேர்த்து அவர் கையை எதிர் நாற்காலியை நோக்கித் தள்ளினாள். இன்னும், இன்னும், அந்த உயரம் வரும்வரை.

அவருக்குப் புரிந்தது. அவள் கை நாலு மாதமாகத் தோற்றுக்கொண்டிருக்கிறது. முதன்முதலில் அட்டையை அம்மாவிடம் சேர்த்தது இந்தப் பெரிய கை. இது கொடுத்தால் அம்மா வாங்கிக்கொள்வாள்.

நீட்டிய கையோடு அவரும் காத்திருந்தார். எதிரே இருப்பவர் வாங்க ஐந்து எண்ணும்வரை பொறுக்க வேண்டும் என்பார் டீச்சர். ஒன்று, இரண்டு, மூன்று. சும்மா அவளுக்காக எண்ணத் தொடங்கியவர், நாலாவதில் நிஜமாகவே காத்திருந்தார். அட்டையின் அந்தப் பக்க விளிம்பை யாரோ தொட்டது போல் இருந்தது. அவள் பிடி அசைந்திருக்கும். வேறென்ன?

"அம்மா இல்ல, சில்லு" என்றார்.

மூன்று வருடத்தில் பின்னாலிருந்து வந்த முதல் குரல். அவள் விறைத்துப் போனாள்.

"முடிஞ்சதுன்னு அப்பா சொன்னது தப்பும்மா. நாளைக்கு வரமாட்டா. என்னிக்குமே வரமாட்டா. இல்ல. அம்மா இல்ல." அட்டை இல்லாத கையை விரித்து, 'இல்லை' சைகையாக ஆட்டி ஆட்டிச் சொன்னார்.

சில்லு மெதுவாகத் திரும்பினாள். அவர் கண்ணைப் பார்க்கவில்லை. ஒரு விரலை நீட்டி அவர் குரல்வளையில் வைத்து, அது அசைகிறதா என்று பார்த்தாள். பிறகு அந்த விரலைக் கவுனில் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

"மாமா!" தங்கை அழுதுகொண்டே வந்தாள். "உங்க கையிலதானே குடுத்தா. நான் பாத்தேன். குடுத்துட்டா. போதும் மாமா, எனக்கு இது போதும்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் மகள் வீட்டோடு இருப்பாள். ஆனால் காய்ச்சலில் ஸ்பூனைக் கடித்துக்கொண்டு கிடந்த முகம் ஞாபகம் வந்தது.

"குடுத்தா" என்றார். "எனக்கு இல்ல."

மறுநாள் காலை தங்கை இரண்டு பைகளைக் கட்டினாள். பத்து மணிக்குக் கார் வரச் சொல்லியிருந்தாள். படப் புத்தகம் சில்லுவின் தோளில் பட்டையோடு தொங்கிக்கொண்டிருந்தது. அவர் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. பிள்ளையே போகப்போகிறாள், இனி இது யாருக்காக என்று எதிர் நாற்காலியைத் தூக்கினார். வாசல் பக்கம் இரண்டு அடி வைத்திருப்பார்.

'சர்க்.'

யாரோ அவர் விரல்களை நாற்காலி முதுகிலிருந்து பிரித்தார்கள். உள்ளங்கையில் ஒரு அட்டை. சில்லு அதை அழுத்தி வைத்தாள். கையை எங்கும் தள்ளவில்லை. வைத்துவிட்டு நின்றாள்.

அவர் திருப்பிப் பார்த்தார். அட்டையில் இருந்தது நிறுத்து என்பது போல் விரித்த ஒரு உள்ளங்கையின் புகைப்படம். மனைவியின் கை. படம் எடுக்க வேறு ஆள் இல்லாமல் ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு தன் இன்னொரு கையைத் தானே எடுத்த படம். கீழே அவள் கையெழுத்தில் 'வேண்டாம்'.

அட்டையை வாங்கியவர் அதைச் சொல்ல வேண்டும். மகள் தனக்கென்று கொடுத்து அவர் அதுவரை வாங்கியதில்லை. 

"வேண்டாம்" என்றார். "வேண்டாமா? சரிம்மா. சரி, வேண்டாம்."

நாற்காலியைப் பழைய இடத்திலேயே இறக்கி வைத்தார். அதன் நாலு காலும் தரையில் படும்வரை சில்லு பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அட்டைக்காகக் கையை நீட்டினாள். அவர் ஒரு கணம் கொடுக்கவில்லை. அவள் விரலைப் பிரித்து வாங்கிக்கொண்டு, அதன் வரிசையில் ஒட்டி, கட்டை விரலால் அழுத்தினாள்.

தங்கை வாசலில் பைகளுக்கு நடுவே நின்றாள். போன் அடித்தது. கார்க்காரன்.

"ஆமாங்க, இந்தத் தெருதான்" என்றாள். மாமாவைப் பார்த்தாள். ஒரு பையைக் காலால் உள்ளே தள்ளினாள். "இல்லீங்க, ரெண்டு பேர் இல்ல. ஒரு ஆள்தான்."

சில்லு மேசையிலிருந்து சமையலறைக்குப் போனாள். நேராகப் போக வழி இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஒருவரின் காலை மிதித்துவிடாமல் போகிறவள் போல, அதைச் சுற்றிக்கொண்டு போனாள்.

அவள் கேட்கப்போகிற தண்ணீருக்கு டம்ளரை எடுத்து வைக்க, அவரும் பின்னாலேயே போனார். சுற்றிக்கொண்டுதான் போனார்.